கண்ணாடிப் பிள்ளை

கருத்தரிப்பு மையத்தில் கொடுத்த கண்ணாடி நடுவீட்டில் மாட்டியிருந்தது. வேல்ராஜுக்கும் கலைமதிக்கும் பிறக்கக்கூடிய பெண்பிள்ளை அதற்குள் நின்றுகொண்டிருக்கும். பிறக்கும் வாய்ப்பு குறைந்தால் அவள் உருவம் மங்கும்.

"பேத்தி முகமே சரியாத் தெரியலையே," என்றாள் மாமியார் நதியா. "ஆஸ்பத்திரி மருந்தை ஒழுங்காச் சாப்பிடுதியா இல்லையா?"

"ஒரு நேரம்கூடத் தப்பலை, அத்தை."

"அப்போ உன் உடம்புலதான் கோளாறு. கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல போய் இரு. நீ கண்ணுல படாம இருந்தாலாவது அவ தெளியுதாளான்னு பாப்போம்."

கலைமதி, பிள்ளையின் கன்னத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு மைப்பொட்டு வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் வேல்ராஜ் பருத்திக் காட்டிலிருந்து வந்தான். நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். முதலில் கை மறைந்தது, பிறகு பாவாடை, பிறகு முகம். மைப்பொட்டு மட்டும் நின்றது.

"ஏல, மேலெல்லாம் என்ன நாத்தம்?"

"பருத்திக்குப் பூச்சிமருந்து அடிச்சேம்மா. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அடிக்கிறதுதான."

"போய்க் குளிச்சிட்டு வா."

குளித்துவிட்டு வந்து நெடுநேரம் நின்றான். கண்ணாடிக்குள் யாரும் வரவில்லை.

நதியா மருமகளுக்குப் போன் போட்டாள்.

"நீ வந்துரு, தாயி."

"பிள்ளை தெளிஞ்சிட்டாளா, அத்தை?"

நதியா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அவ அப்பன் அடிச்ச மருந்தைக் குடிச்சிட்டா, தாயி."