மஞ்சள் நாற்காலி

மழலையர் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரே ஒரு மஞ்சள் நாற்காலிதான் போடுவார்கள். தடுப்பூசி போடாத குழந்தை அதில் மட்டும்தான் உட்காரலாம். முந்திக்கொண்டவருக்கே இடம். ஊசி போடாத இன்னொரு பிள்ளை காலெடுத்து வைத்தால் கதவே கண்டுபிடித்து மூடிக்கொள்ளும்.

ஜெபசீலியின் மகன் ஆபேலுக்குப் புற்றுநோய் சிகிச்சை இப்போதுதான் முடிந்திருந்தது. இந்த வருஷம் அவனுக்கு எந்த ஊசியும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நாற்காலியைத் துரைப்பாண்டி தன் மகள் கயலுக்குப் பிடித்துவிட்டான். கேட்டால், "எங்க குடும்பத்துல ஊசி போடுற பழக்கமில்ல" என்றான். அழுது அடம்பிடிக்கும் ஆபேலை ஜெபசீலி தினமும் கூட்டிவந்து, கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்து வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்புவாள்.

இன்று துரைப்பாண்டியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே தீருவது என்று ஆபேலோடு வந்தாள். தெருமுனையிலேயே ஒரு பிள்ளை வீறிட்டழும் சத்தம். கயலைத் தோளில் போட்டுத் தட்டியபடி துரைப்பாண்டி வந்துகொண்டிருந்தான். கயலின் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அந்தப் பையன் ஏன்ப்பா வெளியிலயே நிக்கிறான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் என்னத்தச் சொல்ல? நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன் தங்கச்சி."

ஜெபசீலிக்குத் திட்ட வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "ராத்திரி லேசா காய்ச்சல் வரும்ணே, பயந்துறாதீங்க" என்றாள்.

வகுப்புக் கதவு இரண்டு பிள்ளைகளுக்கும் திறந்தது. கயல் விசும்பிக்கொண்டே ஆபேலை இழுத்துப்போய் மஞ்சள் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எந்திரிச்சுப் போயிராத. எனக்கு எவ்வளவு வலிச்சுச்சு தெரியுமா!"