பக்கத்துக் கட்டில் அலறல்

“ஐயோ… அம்மா… செத்தேன்!”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அலறலில் கணக்கு டீச்சர் முகத்தைச் சுளித்தார்.

“யாரும்மா அது, ஊரையே கூட்டுறது?”

“லாரி டிரைவர், டீச்சர். இடுப்புப் பிடிப்பு. சீனியர் சார் அமுக்கி விடுறார்” என்றாள் பிசியோதெரபிப் பெண்.

“வரும்போது வாசல்ல பாத்தேனே, மலை மாதிரி மனுஷன். இப்படியா வெக்கமில்லாம கத்துறது? நான் ரெண்டு பிள்ளை பெத்தேன். பக்கத்துல நின்ன நர்ஸுக்குக்கூட என் சத்தம் கேட்டதில்லை.”

அது பொய்யில்லை. டீச்சர் எதையும் பல்லைக் கடித்துக்கொண்டே தாண்டி வந்தவர். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுதால், “கண்ணைத் துடை, அடுத்த கணக்கைப் போடு” என்பதுதான் அவர் வைத்தியம்.

இப்போது அவருடைய வலது தோளே இறுகிப்போய், கை மேலே ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. போன பருவம் முழுக்கக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினார். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“லீவு முடியறதுக்குள்ள கை சரியாகலைன்னா, பேசாம ஆபீஸ் வேலைக்கு வந்துடுங்களேன்” என்று தலைமையாசிரியர் தேன் தடவிச் சொல்லிவிட்டார். பாடம் நடத்தாமல் ஆபீஸில் உட்காருவதை டீச்சரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்குத் தோள் இடம் கொடுக்க வேண்டுமே!

“கையை லூசா விடுங்க டீச்சர்.”

“விட்டுட்டேன்.”

“எங்க விட்டீங்க? தோள் காதுகிட்ட வந்து நிக்குது. வலிக்குதா?”

“இல்லையே.”

“வலிச்சா சொல்லிடுங்க. அடக்கினா இன்னும் இறுகும்.”

“வலிக்கலைன்னு சொல்றேன்ல!”

நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை இம்மியும் நகரவில்லை.

அப்போது பார்த்து அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது.

“ஐயோ, பிரேக் பிடிக்கலையே! மாமியாரே, இனிமே உங்களை எதிர்த்தே பேச மாட்டேன், காப்பாத்துங்க!”

டீச்சரை அறியாமலே களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் பிசியோ பெண் கையைப் பதமாகத் தூக்க, அது காது வரை போய் வந்தது.

“பாத்தீங்களா, ஏறுது!”

“ஏறாம என்ன? எனக்குத்தான் வலியே இல்லையே” என்றார் டீச்சர், விட்டுக்கொடுக்காமல்.

அதன் பிறகு தினமும் இதே கூத்துதான். அவர் வந்து படுத்ததும் அந்தப் பக்கம் கச்சேரி தொடங்கிவிடும். ஒருநாள் கியர் பாக்ஸ் கழன்றது. மறுநாள் நாலு டயரும் ஒரே நேரத்தில் வெடித்தன. டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார், அப்புறம் சிரிப்பார், கை இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டிரைவர் நேருக்கு நேர் மாட்டினார். டீச்சரைப் பார்த்ததும் சட்டென்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்தார்.

“ஏங்க, கொஞ்சம் பொறுத்துக்கப் பழகக் கூடாதா? வயசுக்கு வந்த பிள்ளைங்கள்லாம் வர்ற இடம். நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“என்ன டீச்சரம்மா பண்றது, என் உடம்பு வாகு அப்படி” என்று வழிந்துவிட்டு உள்ளே போனார் மனிதர்.

‘கோழை’ என்று மனசுக்குள் மார்க் போட்டார் டீச்சர்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள், டீச்சரின் கை தலைக்கு மேல் நேராக நின்றது. யாரும் பிடிக்கவில்லை, தானாகவே நின்றது. கரும்பலகையின் உச்சியில் தேதியே எழுதலாம்! டீச்சர் சந்தோஷத்தில் காற்றிலேயே ஒரு தடவை எழுதிப் பார்த்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் அலறல் மட்டும் ஓயவில்லை.

“இரு, போறதுக்கு முன்னாடி அந்த மனுஷனுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டு வரேன்” என்று எழுந்தார்.

“டீச்சர், வேண்டாம்…”

பிசியோ பெண் தடுப்பதற்குள் திரையை விலக்கிவிட்டார்.

அந்தப் பக்கம் சீனியர் சாரும் இல்லை, ஒரு மெஷினும் இல்லை. டிரைவர் மட்டும் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் பேப்பரை விரித்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ‘ஐயோ’வுக்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“வலியே இல்லாமலா இத்தனை நாளும் கத்துனீங்க? என்ன வேஷம் இது?”

டிரைவர் அவசரமாகப் பேப்பரை மடித்தார். பிசியோ பெண்தான் மென்று விழுங்கிச் சொன்னாள்.

“அவருக்கு எப்பவோ சரியாயிடுச்சு டீச்சர். லாரியும் ஓட்ட ஆரம்பிச்சுட்டார். நீங்க சிரிச்சா மட்டும்தான் உங்க தோள் இறுக்கத்தை விடுதுன்னு ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னிலேருந்து லோடு இறக்கினதும் நேரா இங்க வந்துடுறார்.”

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் வேறு கலங்கியது.

“முன்னப்பின்ன தெரியாத எனக்காக நீங்க ஏங்க…”

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“நீங்க பல்லைக் கடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு டீச்சரம்மா. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னுட்டீங்க. அதான், உங்களுக்கும் சேத்து நானே கத்திட்டேன்.”