யாருக்குப் பிடித்த பாட்டு?

"வீரமுத்து, அந்தப் பாட்டப் போடு."

பஸ் படியில் கால் வைத்ததுமே தைலம்மாள் சொல்லிவிட்டாள். டிரைவர் வீரமுத்துவும் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார்.

கண்டக்டர் அஜித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெள்ளிமலைக்குப் போகும் அந்த மினி பஸ்ஸில் அவன் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஐந்து மாதமும் தினம் இதே கூத்து.

அது அவன் அம்மா நாற்று நடும்போதெல்லாம் பாடிய பழைய பாட்டு. அம்மா இப்போது இல்லை. பாட்டு ஆரம்பித்தால் டிக்கெட் கிழிக்கக்கூட அவனுக்குக் கை வராது.

'இந்தப் பொம்பளைக்கு வேற பாட்டே கெடைக்கலியா?' என்று மனசுக்குள் கறுவிக்கொள்வான்.

இன்று உர மூட்டையோடு ஏறிய ஒருவர் சத்தம் போட்டார். "இன்னாப்பா, டெய்லி இந்த அழுவாச்சிப் பாட்டுதானா? நாளையிலேர்ந்து வேற பஸ்ஸுல போய்க்கிறேன்."

கேட்க ஒரு சாக்கு கிடைத்தது. அஜித் நேராகத் தைலம்மாளிடம் போனான்.

"இன்னாக்கா, உங்க ஒருத்தருக்குப் புடிச்சதுன்னு பஸ்ஸே கேக்கணுமா?"

"எனக்கா? எனக்கு இந்தப் பாட்டு ஆவவே ஆவாதுப்பா," என்றாள் அவள், சாமை மூட்டையை நகர்த்திக்கொண்டே.

"அப்புறம் ஏன் தெனம் கேக்கறீங்க?"

"டீச்சரம்மாதான் கேக்கச் சொன்னாங்க."

மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் விஜயலட்சுமி ஜன்னலோரம் இருந்தார். அவரிடம் திரும்பினான்.

"நானே காதுல பஞ்ச வெச்சிக்கினு வரேன் தம்பி. டிரைவர்தான் சொன்னாரு, யாராவது கேளுங்கன்னு."

அஜித்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிடிக்காத பாட்டை ஆளுக்கு ஆள் கேட்டு வாங்குவார்களா? முன்னால் போனான்.

"அண்ணே, உங்களுக்காவது இது புடிக்குமா?"

"எனக்குத் தலவலிதான் வரும்." வீரமுத்து வண்டியை வளைவில் ஒடித்துத் திருப்பினார்.

"எனக்குப் பைத்தியமே புடிச்சிடும் போலருக்கு. பின்ன யாருக்குத்தாண்ணே போடறீங்க?"

வீரமுத்து கியரை மாற்றினார்.

"உங்கம்மா காரியம் முடிஞ்ச கையோட வேலைக்கி வந்தியே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு மலை ஏறி முடியற வரைக்கும் உனக்கே தெரியாம இதத்தான் முனகிக்கினு வந்த. கண்ணு ரெண்டும் கலங்கிக் கெடந்துது. உனக்கோசரம்னு போட்டா கூச்சப்படுவியேன்னுதான் அவங்கள கேக்கச் சொன்னேன்."

அஜித் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அம்மாவோடு போயிற்று, இனி நம்மைக் கவனிக்க ஒரு நாதியில்லை என்றுதான் இந்த ஐந்து மாதமும் நினைத்திருந்தான்.

"புடிக்கலன்னா சொல்லுப்பா, நிறுத்திடறேன்." வீரமுத்துவின் கை பொத்தானுக்குப் போயிற்று.

அஜித் அந்தக் கையைத் தடுத்தான்.

"சவுண்டு கம்மியா இருக்குதுண்ணே," என்றான்.