சனிக்கிழமை பத்து மணி

"சனிக்கிழமை பத்து மணி. அதையே எழுதும் தம்பி" என்றார் கணேஸ்வரன்.

எதிரே இருந்த றஜீவன் பேனையைக் கீழே வைத்தான். லண்டன் ரூட்டிங் பக்கத்துத் தமிழரின் செத்தவீடுகளைப் பத்து வருடமாக நடத்திக் கொடுப்பவன். "ஐயா, வெள்ளி பதினொரு மணியும் இருக்கு. சனிக்கிழமை எங்கட ஆக்கள் எடுக்கமாட்டினம். அதாலதான் அது வெறுமையாக் கிடக்கு."

"கிடந்தால் நல்லது."

மகள் மாதங்கிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அம்மா கண்மூடி நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் இந்த மனுசன் கொள்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே. பக்கத்தில் அம்மாவின் தம்பி மணியம் மாமா முகம் கறுத்துப்போய் இருந்தார்.

"அத்தான், சனிப் பிணம் தனிப் போகாது. அதே வீட்டில இருந்து இன்னொராளைக் கூட்டிக்கொண்டுதான் போகும். தெரியாதோ உங்களுக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் அப்பா ஒரு பாட்டம் வகுப்பெடுப்பார். அம்மா 'ஐதீகம்' என்று வாய் திறந்தால் போதும், "மூடநம்பிக்கை எண்டு சொல்லு, மனோரமா" என்று திருத்துவார். வேண்டுமென்றே ராகு காலத்தில் தாலி கட்டியவர். நாற்பத்தாறு வருடம் அவரும் திருத்தினார், அவளும் திருந்தவில்லை.

இன்றைக்கு அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஐதீகம் எனக்கும் தெரியும், மணியம். சனிக்கிழமைதான்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

மாதங்கி என்ன செய்வாள்? மாமாவின் பக்கம் பேசினால் அப்பா உடைந்துபோவார். அப்பாவின் பக்கம் பேச வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும், "நான் உங்களோட கோலியர்ஸ் வுட் வீட்டில நிக்கிறன் அப்பா. தனிய இருக்கவேண்டாம்" என்றாள்.

"வேண்டாம். நீ பிள்ளையளோட இல்ஃபோர்ட்டில இரு. எல்லாம் முடியுமட்டும் அந்த வீட்டில ஒருத்தரும் தங்கக்கூடாது."

பெற்ற மகளையே வேண்டாம் என்கிறாரே என்று ரயிலில் வழி முழுக்க அழுதாள்.

சனிக்கிழமை காலை, அம்மாவின் பெட்டியைத் திறந்து வைத்திருந்த மண்டபத்துக்கு மாமா ஒரு தேங்காயோடு வந்து சேர்ந்தார். ஊரில் என்றால் பாடையில் கோழி கட்டுவார்கள். லண்டனில் கோழியோடு சுடலைக்குப் போனால் பொலிஸ்தான் வரும்.

"அப்பா காணாமல் அம்மான்ர காலடியில வை, பிள்ளை" என்றார். "வீட்டாக்களுக்குப் பதிலா இது துணைக்குப் போகட்டும்."

மாதங்கி வைத்தாள். அம்மாவின் பச்சைச் சேலைக் கரையால் அதை மூடியும் விட்டாள். அம்மா இருந்தால் இதைத்தானே செய்திருப்பாள் என்று நினைத்ததும் மனம் கொஞ்சம் ஆறியது.

பெட்டியை மூட றஜீவன் வந்தபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து சேலையை விலக்கித் தேங்காயை வெளியே எடுத்தார். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்.

மாதங்கி ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு இது மூடநம்பிக்கைதான். அம்மா நம்பினவா அப்பா. அவவுக்காக, இந்த ஒருக்கா விடுங்கோவன்."

அவர் தேங்காயை மகளின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடித்துவிட்டார்.

"இது போனால் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டாள், பிள்ளை."