பேனாவில் எழுதிய பேரு

"முத்துராணி நம்மளை வித்துட்டா வே!"

குமரகுருபரன் அண்ணாச்சி மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு. கையில செல்போன். அதுல ஒரு வணிகப் பத்திரிகை. எந்தக் கம்பெனியை எவன் வாங்கினான், எதுல எவன் பணம் போட்டான்னு மாசாமாசம் பட்டியல் போடுமே, அது.

பதினேழாவது வரியில நாங்க இருந்தோம். 'கூப்பாடு, திருநெல்வேலி. குரல் விளம்பரம். வாங்கியது: மும்பை நிறுவனம்.'

பொய் சொல்லப்படாது, எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. பெங்களூரு, ஹைதராபாத்துன்னு பெரிய பெரிய ஊரா வருது, நடுவுல எங்க வண்ணார்பேட்டை மாடி! உடனே அதை மாமனாருக்கு அனுப்பிட்டேன். அந்த மனுஷன் இன்னைய வரைக்கும் என் வேலையை ஒரு வேலைன்னே ஒத்துக்கிட்டதில்ல.

எங்க தொழில் இதுதான். கடைக்காரங்களுக்காக அவங்க வாடிக்கைக்காரங்களுக்கு போன் போகும். எடுத்தா அண்ணாச்சி குரல் பேசும். எழுதுறதும் அவருதான், பேசுறதும் அவருதான். "என்ன அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?"ன்னு ஆரம்பிப்பாரு. ரெக்கார்டிங்னு தெரியாம வள்ளியூர்ப் பக்கம் பாதிப் பேரு, "இப்பந்தான் சாப்பிட்டேன், சொல்லும் வே"ன்னு பதில் சொல்லுவாங்க. ரெக்கார்டிங்கைப் பாத்துக்கிடுத நான் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிச்சிருக்கேன்.

மாஞ்சோலை எஸ்டேட்ல பிறந்த முத்துராணி ஆரம்பிச்ச கம்பெனி இது. அவளைச் சேத்துப் பத்துப் பேரு.

அன்னைக்கு அவ லட்டு டப்பாவோட நின்னா.

"நம்ம பேரு வந்திருக்கு, பாத்தீங்களா அண்ணாச்சி? எடுத்துக்கிடுங்க."

"லட்டு ஒண்ணுதான் குறைச்சல்! அந்தப் பலகையில என்னத்த ஒட்டி வச்சிருக்க?"

வாங்கின கம்பெனிக்காரங்க குடுத்த பட்டியல் அது. அதுல பேரு இருந்தா மூணு வருஷத்துக்கு வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஒம்பது பேரு இருந்துச்சு. எட்டு டைப் அடிச்சது. ஒம்பதாவது, வைட்னர் தடவி, அது மேல பேனாவுல எழுதினது: குமரகுருபரன்.

"இந்தக் கம்பெனியில நான் மொத ஆளு. என் பேரு கடைசியில! அதும் பேனாவுல! மறந்துபோயி அப்புறமா ஒட்டவச்சாப்புல!"

"அண்ணாச்சி..."

"இரு. உன் பேரு எங்க? பட்டியல்ல காணும்லா? எங்களை மாட்டிவிட்டுட்டு, காசை வாங்கிக்கிட்டு நீ மட்டும் ஓடுத, அப்படித்தான?"

எனக்கும் அவரு கேட்டது சரின்னுதான் பட்டது. கையில எடுத்த லட்டைத் திரும்ப டப்பாவுலயே வச்சேன்.

முத்துராணி சிரிச்சா. "ஆமா அண்ணாச்சி. மணிமுத்தாறுல போய்க் கொஞ்ச நாளு காலை நீட்டி உக்காரப் போறேன்."

டப்பாவை மேசையில வச்சா, பையைத் தூக்கினா, எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தா. போயிட்டா.

"பாத்தியா லே, திமிரை!" அண்ணாச்சி உக்காந்து ராஜினாமா எழுத ஆரம்பிச்சாரு. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க காலேஜ் படிக்குது. ஆனாலும் எழுதுதாரு.

சாயங்காலம் மும்பைக் கம்பெனியில இருந்து ஸ்ரீராகவ் வந்தான். மெட்ராஸ் பையன். கடிதத்தைப் படிச்சுட்டுப் பதறிட்டான்.

"சார், இதை மட்டும் குடுக்காதீங்க. உங்க ஒரு பேருக்காக இந்த விற்பனையே மூணு வாரம் இழுத்துச்சு, தெரியுமா?"

"என் பேருக்கா?"

"விளம்பரத்தை மெஷினே எழுதிப் பேசிடும்னு உங்களை விட்டுட்டாங்க சார். ஒன்பது இடத்துக்கு மேல கிடையாதுன்னு எங்க ஆளுங்க கறார். முத்துராணி மேடம் விடலை. மெஷின் பேசினதை வள்ளியூர்ல இருநூறு பேருக்கு அனுப்புங்க, அண்ணாச்சி பேசினதை இருநூறு பேருக்கு அனுப்புங்கன்னாங்க."

"அனுப்பி?"

"மெஷினை நாலே செகண்ட்ல கட் பண்ணிட்டாங்க. உங்களுக்கு எழுபத்தோரு பேர் 'சாப்பிட்டாச்சு'ன்னு பதில் சொல்றாங்க சார்! எங்க மும்பை ஆபீஸே எந்திரிச்சு கைதட்டுச்சு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். எங்களுக்கே நெஞ்சு நிமிந்துட்டு.

"ஆனா இடம் ஒன்பதுதான்னு பிடிவாதம். மேடம்தான் பேனாவை வாங்கினாங்க. 'இந்தப் பேச்சு எங்க ஊரை விட்டா எங்கயும் கிடைக்காது, ஒரு பேரை அடிச்சுட்டு இவரைப் போடுங்க'ன்னு அவங்களே எழுதினாங்க."

"யாரு பேரை அடிச்சீங்க?"

ஸ்ரீராகவ் தரையைப் பாத்தான். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்."

அண்ணாச்சி பைய எந்திரிச்சுப் பலகைகிட்டப் போனாரு. பேனாவுல எழுதின தன் பேரை நகத்தால சுரண்டினாரு. வைட்னர் பொடிப் பொடியா உதிர்ந்துச்சு.

அடியில டைப் அடிச்சிருந்த பேரு, முத்துராணி.

அப்புறம் செல்போனை எடுத்து அவளுக்கு அடிச்சாரு. ஊருக்கே பேசுன குரல் அன்னைக்கு உடைஞ்சு போயித்தான் வந்துச்சு.

"என்ன தாயி... சாப்பிட்டாச்சா?"