உட்காராத பம்பர்

மூன்றாவது தடவையும் பம்பர் உட்காரவில்லை.

உத்தமபாளையம் பைபாஸில் முப்பது வருஷமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கும் ஹனீபாவுக்கு இது அவமானம். லாரியில் மோதி அப்பளமாக வந்த வண்டிகளையெல்லாம் ஆளாக்கி அனுப்பியவர். கடைசியில் ஒரு பழைய அம்பாசிடரின் பின்பம்பர் அவருக்கு ஆட்டம் காட்டியது.

காஸ் வைத்துச் சூடேற்றி, மரச்சுத்தியால் தட்டி, தரையில் பலகை போட்டு மட்டம் பார்த்தால் நேராகத்தான் இருந்தது. வண்டியில் மாட்டினால் இடது பக்கம் இரண்டு விரற்கடை தொங்கியது.

கார் தேவாரம் ஊர்க்காரரான சுரேஷ்கண்ணனுடையது. அவருடைய அப்பா 1961-ல் வாங்கியது. அப்பா போன பிறகு இருபது வருஷம் அதில் கோழிதான் அடைந்தது. இப்போது திடீரென்று, வாங்கினபோது இருந்த மாதிரியே ஆக்க வேண்டுமென்று மகன் இழுத்து வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அப்பாவின் இருபதாவது நினைவு நாள். படத்திறப்பு, மேடை, மைக் எல்லாம் உண்டு. கார் ஊர்வலமாகப் போய் மேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பேனர்கூட அடித்தாயிற்று: 'ஏழைத் தொழிலாளிகளைச் சுமந்த ரதம்.'

அப்பா தோட்டத்துக்குப் போகும்போது, நடந்து போகிற கூலிக்காரப் பெண்களைத் தினமும் காரில் ஏற்றிக்கொண்டு போவாராம். சுரேஷ்கண்ணன் இதைச் சொல்லாமல் ஒரு நாளும் பட்டறையை விட்டுப் போனதில்லை. அந்தக் காலத்துல எந்த முதலாளி இப்படிச் செஞ்சாக, பாய் என்று கேட்பார். கேட்டுக் கேட்டு ஹனீபாவுக்கும் அந்த மனுஷர்மேல் மரியாதை வந்துவிட்டது. நாமும் ஒரு நல்ல காரியத்துக்குத்தான் சுத்தி பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

எஞ்சின், பெயிண்ட் எல்லாம் முடிந்திருந்தது. பின்சீட்டு மட்டும் வேலையே வைக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷக் காரில் ஸ்பிரிங் ஒன்றுகூட அமுங்கவில்லை, கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டால் சீட்டு ரெக்சினில் ஒரு கறை இல்லை. அப்பா பொருளை வைத்துக்கொண்ட விதம் அப்படி என்று சுரேஷ்கண்ணன் அதற்கும் பெருமைப்பட்டார்.

புதன்கிழமை வந்து பம்பரைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"பாய், உங்களுக்குக் கை போயிருச்சு. முடியலைன்னா சொல்லிருங்க. தேனிக்குக் கொண்டு போயிர்றேன்."

பட்டறையில் வேறு மூன்று வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஹனீபாவுக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தை கம்பம் வரைக்கும் போய்ச் சேர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அப்புறம் எந்தக் கார் இந்தப் பக்கம் திரும்பும்?

மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் காருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். சாயங்காலம் அகப்பட்டது. கோளாறு பம்பரில் இல்லை. அதைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள் இரண்டும் வளைந்திருந்தன, இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக. உடனே சுரேஷ்கண்ணனுக்குப் போன் போட்டு, பின்னால் என்ன அடி பட்டது என்று கேட்டார். லாரி ஏதாவது இடித்திருக்கும் என்றார் அவர்.

"லாரி இடிச்சா உள்ள போகும், தம்பி. இது கீழ போயிருக்கு. வருசக்கணக்கா எதையோ மேல ஏத்துன மாதிரி இருக்கு."

"மூட்டை எதுவும் வச்சுக் கட்டியிருப்பாக. ஆராய்ச்சிய விட்டுட்டு வேலையப் பாருங்க, பாய்."

ஹனீபா வேலையைப் பார்த்தார். பட்டைகளைக் கழற்றி, பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினார். வியாழக்கிழமை பம்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. மதுரைக்கு அனுப்பி முலாம் பூச நேரமில்லாததால் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பெயிண்ட் என்று தெரியாது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சுரேஷ்கண்ணன் மாலையோடும் போட்டோக்காரரோடும் வந்துவிட்டார். கூடவே கருத்தம்மாள். அந்தக் காரில் போன பெண்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பது அவள் ஒருத்திதான். அறுபது தாண்டியும் களையெடுக்கப் போகிற உடம்பு. மேடையில் ஐயாவைப் பற்றிப் பேசப்போவதும் அவள்தான்.

ஹனீபா ஆசையாகக் கேட்டார், நிஜமாகவே ஐயா தினமும் ஏற்றிக்கொண்டு போவாரா என்று.

"ஆமாய்யா. பத்து வருசம் இந்தக் கார்லதான் போனோம். எங்க நாலு பேரையும் நிப்பாட்டி ஏத்திக்காம ஒரு நாளும் தாண்டிப் போக மாட்டாக. அவுக புண்ணியத்துல எங்க காலு தப்பிச்சுச்சு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. சுரேஷ்கண்ணன் ஹனீபாவை ஒரு பார்வை பார்த்தார், கேட்டீகளா பாய் என்கிற மாதிரி.

போட்டோக்காரர் தயார் என்றார். சுரேஷ்கண்ணன் பின்கதவைத் தன் கையாலேயே திறந்து பிடித்தார். அதுவரை ஏ கருத்தம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், கேமராவைப் பார்த்தபடியே மரியாதையாகச் சொன்னார்.

"வாங்கத்தா, ஏறுங்க."

கருத்தம்மாள் தலையாட்டினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். திறந்திருந்த கதவைத் தாண்டி நேராகக் காருக்குப் பின்னால் போனாள். பம்பரின் இடது ஓரத்தில் காலை ஊன்றி ஏறி, டிக்கியோடு ஒட்டிக் குனிந்து நின்று, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிட்டேன், சின்னய்யா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."