மெழுகுப் பரிசல்காரர்

“குமாரு, உங்க வூட்ல மூணு பேருன்னு எழுதிக்கட்டா?”

“எழுதாதீங்கண்ணா. நாங்க யாரும் வரல.”

ஒகேனக்கல்லில் நாலு நாளாகக் காவிரி பெருக்கெடுத்து ஓடியது. பரிசல் ஓட்டத் தடை. கை ஓய்ந்த பரிசல்காரர்கள் எல்லாம் மீன் வறுவல் கடை பெஞ்சில் உட்கார்ந்து, குடும்பத்தோடு பெங்களூரு போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மெழுகுச் சிலை மியூசியம். நடிகர்களுக்கும் கிரிக்கெட்காரர்களுக்கும் நடுவில், வருகிற ஞாயிறு முதல் ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவரும் நிற்கப்போகிறார்.

அந்தச் சிலைக்கு அளவு கொடுத்தவர் சவுரியப்பன். நோட்டும் பேனாவுமாக வேனுக்கு ஆள் சேர்ப்பதும் அவரேதான்.

“உங்காத்தாளுக்கு முன்சீட்டு வச்சிருக்கன்டா.”

“எதுக்கு, உங்க செலைய மொத ஆளாப் பாக்கறதுக்கா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சவுரியப்பன் சிரிக்கவில்லை. நோட்டில் ஏற்கெனவே எழுதிவிட்ட மூன்று பெயர்களைக் கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

குமாருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாதா பின்னே? மியூசியத்துக்காரர்கள் முதலில் ஏறியது அவன் பரிசலில். பரிசல் துறையில் எல்லாம் முறைப்படிதான். யார் முறையோ அவருக்குத்தான் சவாரி. அடுத்தவன் முறையில் கை வைக்கிறவனோடு ஒருத்தரும் பீடிகூடப் பங்கு போட மாட்டார்கள்.

அன்றைக்குக் குமார் முறை. அருவி வரை கூட்டிப்போய், பரிசலைச் சுழற்றிக் காட்டி, ஆற்றில் விழுந்த பதினோரு பேரை உயிரோடு தூக்கிய கதையைத் தொண்டை வறளச் சொன்னவன் அவன். மறுநாள் பார்த்தால், அதே ஆட்கள் சவுரியப்பன் வீட்டு வாசலில் டேப்பை நீட்டி அவர் தோளை அளந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று மாதமாகியும் அந்த டேப் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எழிலரசி பிடித்துக்கொண்டாள்.

“வரலைன்னு சொல்லிட்டீங்களாமே. சகாயமேரியக்கா போன் பண்ணி வருத்தப்பட்டாங்க.”

“ஏன், அவங்க வூட்டுக்காரரு செலைக்குப் பக்கத்துல நான் நின்னு போட்டோ புடிச்சிக்கணுமா?”

“உங்களுக்குப் பொறாமைங்க.”

“ஆமா, பொறாமைதான். அவருக்கு நான் எதுல கொறைச்சல்?”

எழிலரசி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஈர்க்குச்சி என்று அவனுக்கு ஊரே பேர் வைத்திருந்தது. சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவனுக்கு.

அடுப்படியிலிருந்து அம்மா குள்ளம்மாள் குரல் கொடுத்தாள். “குமாரு, அப்பனோட கார்டு என்னாச்சு? சவுரி வாங்கிட்டுப் போயி மூணு மாசமாச்சே.”

அப்பா மாது போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். அவருடைய பரிசல் அடையாள அட்டையில் ஒட்டியிருந்ததுதான் இளவயதில் எடுத்த ஒரே படம். சங்கத்தில் கேட்கிறார்கள் என்று வாங்கிப்போன சவுரியப்பன், இன்றுவரை திருப்பித் தரவில்லை.

சண்டைக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. குமார் செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினான்.

சவுரியப்பன் வாசலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

“எங்கப்பன் கார்டக் குடுங்க. அப்பிடியே எங்க பேரையும் அடிச்சிருங்க.”

அவர் உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து நீட்டினார். படம் இருந்த இடத்தில் காய்ந்த பசை மட்டும்தான் இருந்தது.

“போட்டோ எங்கண்ணா?”

“பெங்களூர்ல இருக்குது. ஞாயித்துக்கெழம கையில குடுத்துருவாங்க.”

குமாருக்குத் தலைக்கேறியது. “என் முறையில வந்தவங்கள அமுக்கிட்டீங்க. சரி, போவட்டும்னு வுட்டன். எங்கப்பன் படத்தையுமா தூக்கிக் குடுத்தீங்க?”

சவுரியப்பன் போனை அவன் பக்கம் திருப்பினார். “இப்பத்தான் வந்துச்சு. மொகம் சரியா வராட்டி ஆத்தா மனசு ஒடிஞ்சிருமேன்னு இத்தன நாளா ஒருத்தருகிட்டயும் மூச்சு வுடல.”

போனில் அந்த மெழுகுச் சிலை: பரிசல், துடுப்பு, சவுரியப்பனின் அகலத் தோள். அதன் மேலே மாதுவின் முகம். இடது புருவத்தில் இருந்த தழும்பைக்கூட விடவில்லை. சவாரி கிடைத்த அன்று சிரிக்கிற அதே சிரிப்பு.

குமார் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். “உங்களத்தானண்ணா செலைக்குக் கேட்டாங்க?”

“கேட்டாங்க. ஒடம்ப வேணா அளந்துக்கங்க, அவரும் என் வாட்டம்தான், மொகம் அவருதா இருக்கட்டும்னு சொன்னன்.”

“அவங்களுக்கு எங்கப்பாவ எப்பிடித் தெரியும்?”

சவுரியப்பன் குரலைத் தணித்துக்கொண்டார். “பதினோரு பேரத் தூக்கனது நாந்தான்னு நீ சொன்னியாமே, அது நெசமான்னு எங்கிட்ட வந்து விசாரிச்சாங்க. உன்னைப் பொய்யனாக்க மனசு வரல. தூக்கனது அவன் வூட்டாளுதான், ஆனா அது அவங்கப்பான்னு சொன்னன்.”

குமார் தலையைத் தொங்கப்போட்டான். அவர் அவன் தோளில் கை வைத்தார்.

“எல்லாம் முறைப்படி போவணுமில்லடா? இது மாதண்ணன் முறை.”